யார் பார்க்க இந்த முகம்?



ஓவியர்களும் இறையியல் படிப்பவர்களும் ஒரே அரங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்வது அடிக்கடி நடப்பதில்லை. ஓவியருக்கு வேத விளக்கம் என்றால் கொட்டாவி. வேதம் படித்தவருக்கு ஓவியம் என்றால் சுவர் அலங்காரம். ஆனால் இந்த இரண்டு பேரும் பலமுறை நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. சில சமயம் கைகுலுக்கினார்கள், சில சமயம் ரத்தம் சிந்தினார்கள். அந்த இடம் மனித முகம். உருவப்படம். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். திரையில் படம் எதையும் காட்டப்போவதில்லை. ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். கையகலப் பலகையில் வரைந்த முகத்தைப் பத்தடி உயரத்துக்கு ஊதிக் காட்டினால் அது உருவப்படமாக இருக்காது, கட்-அவுட் ஆகிவிடும். அந்த வகை முகங்கள் நம் ஊர்ச் சாலைகளில் வேண்டிய அளவு இருக்கின்றன. அதனால் சொல்லிலேயே காட்டப் பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உருவப்படத்தின் முன்னால் நின்றதும் நாம் என்ன கேட்கிறோம்? இது யார் என்று கேட்கிறோம். அடுத்து, அச்சு அசலாக இருக்கிறதா என்று கேட்கிறோம். இன்று நான் கேட்க நினைப்பது மூன்றாவது கேள்வி. யார் பார்ப்பதற்காக இந்த முகம்? இந்த ஆள் யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்? என் கட்சி இதுதான்: 'நான் யார்' என்ற கேள்விக்குப் பெரிய ஓவியர்கள் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் தேடவில்லை. 'நான் யார் முன்னால் நிற்கிறேன்' என்று தெரிந்த பிறகுதான் தூரிகையை எடுத்தார்கள். இந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது இறையியல்.

எகிப்துக்குப் போவோம். கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகள். ரோமர் ஆட்சி. ஃபயூம் வட்டாரத்தில் இறந்தவர் உடலைப் பதப்படுத்தித் துணி சுற்றுவது பழைய வழக்கம். அதில் புது வழக்கம் ஒன்று சேர்ந்தது. துணி சுற்றிய உடலில் முகம் இருக்கும் இடத்தில் அவருடைய உருவப்படத்தைப் பொருத்தினார்கள். பல படங்கள் மெல்லிய மரப்பலகையில், உருக்கிய மெழுகில் வண்ணம் குழைத்து வரைந்தவை. பெரிய கண்கள். ஈரம் காயாத கண்கள். காதில் முத்து, கழுத்தில் சங்கிலி, சிலருக்கு முளைத்தும் முளைக்காத மீசை. நேற்றுப் பேருந்தில் பார்த்த முகங்கள் போல இருக்கும்.

1911இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற அகழ்வாய்வாளர் ஹவாராவில் ஒரு பெண்ணின் பதப்படுத்திய உடலைக் கண்டெடுத்தார். முகப்படத்தின் பக்கத்திலேயே கிரேக்க எழுத்தில் அவள் பெயர் இருந்தது. ஹெர்மியோனி. பெயரோடு ஒரு சொல்லும் இருந்தது: எழுத்தறிவு கற்பிப்பவள், அல்லது எழுத்தறிந்தவள் என்று பொருள். ஆசிரியை என்று பெட்ரி முடிவு செய்தார். பெண்களுக்கென்று தொடங்கிய கேம்பிரிட்ஜின் கிர்டன் கல்லூரிக்கு அவள் போய்ச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

இப்போது கேள்வியைப் போடுவோம். யார் பார்க்க இந்த முகம்? உறவினர்கள் கொஞ்ச நாள் பார்த்திருப்பார்கள். கடைசியில் மண்ணுக்குள் போகப் போகிற படம் அது. இவ்வளவு நுணுக்கமாக, கண்ணிமையின் ஈரம் வரைக்கும் தீட்டி, பெயரும் எழுதி, மண்ணுக்குள் அனுப்புகிறார்கள். ஏன்? அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள். அவர்கள் இவளை வேறொருத்தி என்று நினைத்துவிடக் கூடாது. ஹெர்மியோனி ஹெர்மியோனியாகவே போய்ச் சேர வேண்டும். உருவப்படக் கலை தன் தொடக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு பார்வையாளரை நம்பியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதே மெழுகு, அதே பலகை, அதே பெரிய கண்கள். சில நூற்றாண்டு கழித்து அவை வேறொரு முகத்துக்குப் போகின்றன. சினாய் மலையடிவாரத்தில் புனித கத்தரினாள் மடம். அங்கே ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்துவின் படம் ஒன்று இருக்கிறது. முகத்தின் ஒரு பாதி சாந்தம். மறுபாதியில் புருவம் ஏறியிருக்கிறது, கண்ணில் கண்டிப்பு இருக்கிறது. இரண்டையும் கையால் மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்தால் இரண்டு ஆட்களைப் பார்ப்பது போல இருக்கும். அந்தப் படம் பிழைத்ததே பெரிய விஷயம். எட்டாம் நூற்றாண்டில் சினாய் இஸ்லாமிய ஆட்சியில் இருந்தது. கான்ஸ்டான்டிநோபிள் பேரரசரின் கை அங்கே எட்டவில்லை. எட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இன்றைய பேச்சின் அடித்தளம் இங்கேதான் இருக்கிறது.

எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் திருவுருவப் படங்களைத் தடை செய்தார்கள். பல படங்கள் அழிந்தன. இதை வெறும் முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. படங்களை எதிர்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பேரரசர், 754இல் அவர் கூட்டிய ஹியெரியா திருச்சபைச் சங்கம், இவர்கள் கையில் கூர்மையான ஒரு வாதம் இருந்தது. கிறிஸ்து கடவுளும் மனிதனும் என்கிறீர்கள். அவர் படத்தை வரைகிறீர்கள். எதை வரைந்தீர்கள்? கடவுள் தன்மையையா? அதைக் கோட்டுக்குள் அடைக்க முடியாது. மனிதத் தன்மையை மட்டுமா? அப்படியானால் அவரை இரண்டாக வெட்டிவிட்டீர்கள். எப்படிப் பார்த்தாலும் குற்றம். பதில் சொல்லுங்கள்!

787இல் நிக்கேயாவில் கூடிய சங்கம் படங்களுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 815இல் தடை மறுபடி வந்தது. அந்தக் காலத்தில் ஸ்தூடியோஸ் மடத்துத் தலைவர் தியோடோர் ஒரு பதில் சொன்னார். சவுக்கடி பட்டவர், நாடு கடத்தப்பட்டவர். அவர் சொன்ன பதிலின் சாரம் இது. ஐயா, நீங்கள் கேள்வியையே தப்பாகக் கேட்கிறீர்கள். யாரும் 'தன்மை'யை வரைய முடியாது. மனிதத் தன்மை என்று ஒன்றை எந்த ஓவியனாவது வரைந்து பார்த்திருக்கிறீர்களா? பேதுருவை வரைகிறான் என்றால், அறிவுள்ளவன், சாகக்கூடியவன் என்ற பொதுக் குணங்களை வைத்தா வரைகிறான்? அவை பவுலுக்கும் உண்டு, யோவானுக்கும் உண்டு. மூக்கு நீளமா, குட்டையா? முடி சுருட்டையா? கண் எப்படி? இதை வைத்துத்தானே வரைகிறான்? படம் காட்டுவது ஆளை. தன்மையை அல்ல, ஆளை.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கடவுளைப் பற்றிய மிக உயர்ந்த வாதம் ஒன்று, கடைசியில் மூக்கின் நீளத்தில் வந்து முடிகிறது! ஒரு ஆளை அந்த ஆளாக்குவது என்ன என்ற கேள்வி, தத்துவ வகுப்பில் தீராத கேள்வி, ஓவியனின் பலகையில் தீர்கிறது. பொதுவான மனிதனுக்குப் படம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் படம் உண்டு. உருவப்படத்தைப் பற்றி இதற்குப் பிறகு எழுதிய யாரும் இதைவிட ஆழமாகச் சொல்லிவிடவில்லை என்பது என் எண்ணம்.

இந்த வாதத்துக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. தியோடோர், தியோபனிஸ் என்று இரண்டு சகோதரர்கள், பாலஸ்தீனத்திலிருந்து வந்த துறவிகள். (இந்தத் தியோடோர் வேறு. அந்தக் காலத்தில் எதிர்ப்பட்டவரெல்லாம் தியோடோர்தான்.) பேரரசர் தியோபிலோஸ் முன்னால் இவர்கள் அசைந்து கொடுக்கவில்லை. 836இல் அவர் என்ன தண்டனை கொடுத்தார் தெரியுமா? இருவர் முகத்திலும் பன்னிரண்டு வரிச் செய்யுள் ஒன்றைப் பச்சை குத்த வைத்தார். வரையப்பட்ட முகத்துக்காக வாதாடியவர்களின் உயிருள்ள முகத்தில் அரசு தன் எழுத்தை எழுதியது. செய்யுள் நன்றாக இல்லாவிட்டாலும் கவலை இல்லை என்று பேரரசர் சொன்னாராம். கவிஞர்கள் யாராவது அரங்கில் இருந்தால் மன்னிக்கவும்.

அந்த முகங்களை யோசித்துப் பாருங்கள். அவை இப்போது யாருடையவை? அரசருடையவையா, அவர்களுடையவையா? பேரரசர் இறந்த பிறகு, 843இல், அவருடைய மனைவி தியோடோரா படங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். பச்சை குத்திய முகத்தோடு தியோபனிஸ் நிக்கேயாவுக்கே ஆயர் ஆனார். அந்த முகத்தோடுதான் பீடத்தில் நின்றார்.

சரி, மேற்கே போவோம். அறுநூறு வருடம் தாண்டிக் குதிக்கிறேன். 1453. கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த ஆண்டு. அதே ஆண்டில், பவேரியாவின் டெகர்ன்சே ஏரிக்கரை மடத்துத் துறவிகளுக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் கர்தினால் நிக்கோலாஸ், கூசா ஊர்க்காரர். உள்ளே சிறு நூல் ஒன்றும் ஒரு ஓவியமும் இருந்தன. ஓவியத்தில் ஒரு முகம்.

சின்ன வயதில் நாம் எல்லாரும் பட்ட அனுபவம்தான். கூடத்தில் மாட்டிய தாத்தா படம், நாம் எங்கே போனாலும் நம்மையே பார்க்கும். ஓடி ஒளிந்தாலும் பார்க்கும். கூசா அனுப்பியது அந்த வகைப் படம். அதை வைத்து ஒரு பரிசோதனை செய்யச் சொன்னார். பாருங்கள், துறவிகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கப் பரிசோதனை! படத்தை வடக்குச் சுவரில் மாட்டுங்கள். எல்லாரும் அரைவட்டமாக நில்லுங்கள். கிழக்கே நிற்பவருக்கு, அது தன்னை மட்டும் பார்ப்பதாகத் தோன்றும். மேற்கே நிற்பவருக்கும் அப்படியே. தெற்கே நிற்பவருக்கும் அப்படியே. இப்போது ஒருவர் கிழக்கிலிருந்து மேற்கே நடக்கட்டும். பார்வை கூடவே வரும். சுவரில் ஆணியடித்த படம், அசையாத படம், கூடவே வரும்.

இதுவரைக்கும் வேடிக்கை. அடுத்த படிதான் முக்கியம். அதே நேரத்தில் இன்னொரு சகோதரர் மேற்கிலிருந்து கிழக்கே நடக்கட்டும் என்கிறார் கூசா. இருவரும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். பார்வை என்னோடு வருகிறது என்று எனக்குத் தெரியும். உன்னோடும் வருகிறதா? எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணால் அதைப் பார்க்கவே முடியாது. உன்னைக் கேட்க வேண்டும். நீ ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதை நான் நம்ப வேண்டும்.

என்ன நுட்பம்! கடவுள் என்னைப் பார்க்கிறார் என்பது எனக்கு அனுபவம். அவர் உன்னையும் அதே முழு கவனத்தோடு பார்க்கிறார் என்பது எனக்கு உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். தனியாக நின்று பார்த்தவனுக்குப் பாதிதான் கிடைக்கும். பார்க்கப்படுவதால் எனக்கு ஒரு முகம் கிடைக்கிறது. நீயும் பார்க்கப்படுகிறாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிகிறது.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இப்படித் தொடரும் பார்வைக்குக் கூசா சில உதாரணப் படங்களைக் குறிப்பிடுகிறார். அதில் ஒன்று பிரஸ்ஸல்ஸ் நகர மன்றத்தில் ரோகியர் வான் டர் வைடன் வரைந்த பெரிய ஓவியத்தில் இருந்த முகம். 1695இல் பிரெஞ்சுப் படையின் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. யாருடைய முகம் அது? ஓவியர் ரோகியரின் சொந்த முகம் என்பார்கள். கடவுளின் பார்வையைப் புரியவைக்க ஒரு கர்தினால் எடுத்துக்கொண்ட உதாரணம், ஒரு ஓவியர் தன்னைத்தானே வரைந்த முகம்! வாசல் திறந்துவிட்டது. இனி ஒருவர் உள்ளே நுழையாமல் இருப்பாரா?

நுழைந்தார். 1500ஆம் ஆண்டு. நியூரம்பர்க் நகரம். ஆல்பிரெக்ட் டூரர். வயது 28.

பதின்மூன்று வயதிலேயே கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்தவர் அவர். அந்தச் சித்திரம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. ஆனால் 1500இல் செய்தது வேறு. அந்தக் காலத்தில் மனிதர்களை முக்கால்வாசிப் பக்கம் திருப்பி வரைவதுதான் வழக்கம். நேருக்கு நேர், இடமும் வலமும் சமமாக, நெற்றி நடுவில் வகிடு பிரித்து வரைவது கிறிஸ்துவுக்கு. டூரர் தன்னை அப்படி வரைந்தார். தோளில் புரளும் சுருள்முடி. முந்தைய தன்னுருவப் படத்தில் செம்பொன்னாக இருந்த முடி, இதில் கரும்பழுப்பாகிவிட்டது. கை மார்புக்கு வந்து மேலங்கியின் மென்மயிரைத் தொடுகிறது. இடப்புறம் ஆண்டும் அவருடைய பெயர் முத்திரையும். வலப்புறம் நியூரம்பர்க்காரன் ஆல்பிரெக்ட் டூரர் தன்னைத் தானே தீட்டினான் என்று லத்தீன் வாசகம். எழுத்துகள் இரண்டு பக்கமும் கண்மட்டத்தில் நிற்கின்றன. படத்தின் உயரம் 67 சென்டிமீட்டர். அவ்வளவுதான்.

இது ஆணவமா, பக்தியா? நூறு புத்தகம் எழுதியிருக்கிறார்கள். கலைஞன் கடவுளாகத் தன்னை முடிசூட்டிக்கொண்டான் என்றார்கள் ஒரு சாரார். கிறிஸ்துவைப் போல வாழ் என்ற போதனையை வரைந்து காட்டினான் என்றார்கள் மறுசாரார். இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போங்கள். கண்மணியைப் பாருங்கள். அதில் ஒரு சன்னல் தெரிகிறது. அவர் உட்கார்ந்திருந்த அறையின் சன்னல் சட்டம், குறுக்கும் நெடுக்குமாக, ஈரமான கண்ணில் விழுந்திருக்கிறது. கடவுளின் கோலத்தில் இருக்கிற இந்த ஆள் ஏதோ ஒரு பகலில், ஏதோ ஒரு அறையில், வெளிச்சம் வந்த திசையில் முகம் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ஆணவக்காரன் அந்தச் சன்னலை அழித்திருப்பான். மூக்கின் நீளத்தை விடாதே என்று தியோடோர் சொன்னார் அல்லவா? டூரர் விடவில்லை. எல்லாரையும் பார்க்கிற அந்த முகத்தின் முன்னால் என் முகத்தைக் கொண்டுபோனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று சோதித்துப் பார்த்தார். மிஞ்சியது, அந்த நாளின் ஒரு சன்னல்.

ஓவியத்தின் பயன் என்ன என்று பிற்காலத்தில் டூரர் குறித்து வைத்தார். அது கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் என்றார். இறந்த பிறகும் மனிதர்களின் சாயலைக் காத்து வைக்கும் என்றும் அதே மூச்சில் சொன்னார்.

அவர் காத்து வைத்த ஒரு சாயலைச் சொல்கிறேன். 1514, மார்ச் மாதம். அம்மா பார்பராவைக் கரியால் வரைகிறார். வயது 63. பதினெட்டுப் பிள்ளை பெற்றவள், பெரும்பாலானவர்களைப் புதைத்தவள். கழுத்து நரம்பு கயிறு போல நிற்கிறது. கன்னத்து எலும்பு தோலைத் தள்ளுகிறது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. எந்த மகன் தன் தாயை இப்படி வரைவான்? சுருக்கத்தை மெழுகிவிட மாட்டானா? நம் வீட்டில் புகைப்படக்காரரிடம் கொடுத்தால் முதல் வேலையாக அதைத்தானே செய்வார்! டூரர் செய்யவில்லை. அந்த மே மாதம் அம்மா இறந்தாள். அதே தாளில் இறந்த நாளை மையால் எழுதிச் சேர்த்தார். யார் பார்க்க இந்த முகம்? மகன் பார்க்க. ஆனால் மகன் மட்டும் பார்ப்பதாக இருந்தால் இவ்வளவு உண்மை தேவைப்பட்டிருக்காது. எதையும் மறைக்க முடியாத ஒரு பார்வையை மனதில் வைத்துத்தான் அந்தக் கரிக்கோடு ஓடியிருக்கிறது.

தங்கள் முகத்தைத் திருக்காட்சிக்குள் வைத்த இத்தாலியர்களைப் பற்றி இரண்டே வாக்கியம். சிஸ்டைன் சிற்றாலயத்துக் கடைசித் தீர்ப்பில், புனித பர்த்தலமேயு கையில் தொங்கும் உரித்த தோலில் இருப்பது மைக்கலாஞ்சலோவின் சொந்த முகம் என்று பலர் கருதுகிறார்கள். கரவாஜியோவோ, வெட்டுண்ட கோலியாத்தின் தலைக்குத் தன் முகத்தைக் கொடுத்துவிட்டார்.

டூரரின் அந்த 1500ஆம் ஆண்டுத் தன்னுருவப் படம் இன்று மியூனிக் நகரத்தில், ஆல்டே பினாகோதேக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கட்டடத்தில் இன்னொரு படமும் இருக்கிறது. 1633 வாக்கில் ரெம்பிராண்ட் வரைந்த 'சிலுவையை உயர்த்துதல்'. வானம் இருண்டு கிடக்கிறது. வெளிச்சம் கிறிஸ்துவின் உடலில் மட்டும் சாய்வாக விழுகிறது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம், காலடியில் சிலுவைக் கட்டையைக் கட்டிப் பிடித்துத் தூக்குகிற ஒருவன் மேல் விழுகிறது. ரோமப் படைவீரர்களுக்கு நடுவே இவன் மட்டும் நீலச் சட்டை, நீலத் தொப்பி. ஓவியர்கள் போடும் தொப்பி. அது ரெம்பிராண்ட்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு பதில்கள். ஒருவர் கிறிஸ்துவின் கோலத்தில் நம்மைப் பார்க்கிறார். இன்னொருவர் கிறிஸ்துவை அறைந்து தூக்குகிற கூட்டத்தில் கைகொடுக்கிறார். 'நான் யார்' என்ற கேள்விக்கு ஓவியத்தில் இதைவிடத் தூரமான இரண்டு பதில்கள் இருக்குமா? ஆனால் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: நான் யார் முன்னால் நிற்கிறேன்?

ரெம்பிராண்ட் வாழ்ந்த ஹாலந்தில் கோவில் சுவர்கள் வெள்ளையடித்துக் கிடந்தன. 1566இல் சீர்திருத்தக் கூட்டம் படங்களையும் சிலைகளையும் உடைத்துத் தள்ளியிருந்தது. பைசாந்தியக் கதை மறுபடியும்! ஆனால் கோவிலை விட்டுத் துரத்தப்பட்ட முகம் எங்கே போனது? வீடுகளுக்குப் போனது. துணி வியாபாரி, மருத்துவர், போதகர், கைம்பெண் என்று எல்லாரும் தங்களை வரையச் சொன்னார்கள். மெனோனைட் போதகர் ஆன்ஸ்லோவை ரெம்பிராண்ட் 1641இல் வரைந்தார். வாய் பேச்சின் நடுவில் திறந்திருக்கிறது, கை நீண்டிருக்கிறது, வெளிச்சமெல்லாம் மேசைப் புத்தகத்தின் மேல். சொல்லைத்தான் கேட்க வேண்டும், கோவிலில் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நம்பிய ஊரில், கேட்கிற மாதிரி ஒரு முகத்தை வரைந்து கொடுத்தார். குறும்புக்காரர்.

தன்னை அவர் எத்தனை முறை வரைந்தார்? ஓவியமும் செதுக்கு அச்சும் சித்திரமும் சேர்த்து ஏறக்குறைய 80 என்பது வழக்கமான கணக்கு. சிரித்து, முறைத்து, ராஜா வேஷம் போட்டு, பிச்சைக்காரனாகி. 1661இல் அப்போஸ்தலர் பவுலாகவும் வரைந்தார். மேலங்கிக்குள்ளிருந்து வாளின் கைப்பிடி எட்டிப் பார்க்கிறது. கையில் எழுத்துத் தாள்கள். புருவம் தூக்கி, நெற்றி சுருங்கி, 'நானா?' என்று கேட்கிற முகம். பவுல் யார்? துன்புறுத்தியவன், அழைக்கப்பட்டவன். சிலுவையைத் தூக்க உதவிய நீலத் தொப்பிக்காரனுக்கு இருபத்தெட்டு வருடம் கழித்துக் கிடைத்த வேடம் அது. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

1669, அவர் இறந்த ஆண்டு. லண்டனில் இருக்கும் படம். 63 வயது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அடியில் ஒரு தூரிகை தெரிந்தது. முதலில் கையில் தூரிகையோடு வரைந்திருக்கிறார். பிறகு அதை மறைத்துக் கைகளைக் கோத்துவிட்டார். தொழிலை எடுத்துவிட்டு ஆளை மட்டும் வைத்தார்.

கடைசியாக ஒரு படம். 1656இல் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கினார். ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து சாமான்களைப் பட்டியல் போட்டார்கள். 1639இல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீடு. சிப்பி, சிலை, ஆயுதம், பழைய அச்சுப்படம் என்று பட்டியல் நீளமாகப் போகிறது. நடுவில் ஒரு வரி. எழுத்தர் எழுதியிருப்பதன் பொருள்: கிறிஸ்துவின் தலை, நேரில் பார்த்து வரைந்தது.

நேரில் பார்த்தா? ஆயிரத்து அறுநூறு வருடம் கழித்து எப்படி நேரில் பார்ப்பது? ரெம்பிராண்டின் தெருவில், அவரைச் சுற்றி, யூதக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களில் ஓர் இளைஞரை உட்காரவைத்துக் கிறிஸ்துவை வரைந்தார் என்பது அறிஞர்கள் கருத்து. பெர்லினிலும் பிலடெல்பியாவிலும் வேறு ஊர்களிலும் அப்படி வரைந்த சிறு பலகைகள் இன்று சிதறிக் கிடக்கின்றன. முடி கலைந்திருக்கிறது. பார்வை நம்மிடம் இல்லை, கொஞ்சம் கீழே, பக்கவாட்டில், யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி.

எவ்வளவு பெரிய திருப்பம் பாருங்கள்! அதுவரை ஐரோப்பா கிறிஸ்துவின் முகத்தை வாய்பாடாக வைத்திருந்தது. நடுவகிடு, தோள்வரை முடி, மாறாத சாந்தம். டூரர் அந்த வாய்பாட்டைத் தன் முகத்துக்கு வாங்கிக்கொண்டார். ரெம்பிராண்ட் அதைத் தூக்கி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரரின் முகத்தைக் கிறிஸ்துவுக்குக் கொடுத்தார். அதுவும், கிறிஸ்தவ உலகம் நூற்றாண்டுகளாகப் பழி சுமத்தி விரட்டிய இனத்தின் முகத்தை. இறையியல் நூல்கள் இயேசு யூதர் என்பதைச் சாவகாசமாக நினைவுக்குக் கொண்டுவந்தன. ஓவியரின் கை அதற்கு முன்பே அந்த இடத்துக்குப் போய்விட்டது.

இங்கே தியோடோரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். படம் காட்டுவது தன்மையை அல்ல, ஆளை என்றார். அந்த விதிப்படி பெர்லின் பலகையில் இருப்பது யார்? கிறிஸ்துவா, அவருக்காக உட்கார்ந்த இளைஞரா? இறையியல் மாணவர்களே, இது உங்களுக்கான கேள்வி. என்னைக் கேட்டால், அருங்காட்சியகத்தில் 'கிறிஸ்துவின் தலை' என்று எழுதியிருக்கும் சீட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்த மூக்கு, அந்தக் கலைந்த முடி, அந்தத் தாழ்ந்த பார்வை எல்லாம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்குச் சொந்தம். ஹெர்மியோனிக்குப் பெயர் கிடைத்தது. டூரர் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டார். கடன்காரர்களுக்காகச் சிப்பியைக்கூட விடாமல் எண்ணிய அந்த எழுத்தர், அந்த இளைஞரின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்ற ஒரு காரணமும் இருந்திருக்காது.

இவ்வளவு நேரம் படமே இல்லாமல் படம் பார்த்தீர்கள். அடுத்து ஓவியக் கல்லூரி மாணவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று அவைத் தலைவர் சீட்டு நீட்டுகிறார். கேளுங்கள்.